மூத்தவன் அறைப் பெட்டி

எங்கள் வீட்டில் எதுவும் மூத்தவரைத் தாண்டி இளையவரிடம் போனதில்லை. வெற்றிலைத் தட்டு போனதில்லை, கல்யாணச் சேதி போனதில்லை, காலைக் காப்பிகூடப் போனதில்லை. இணையம் மட்டும் அப்படிப் போகலாம் என்று எனக்கு யாரும் சொல்லியிருக்கவில்லை. அதனால், வயிரவன் காரிலிருந்து வைஃபை பெட்டிகளை ஒவ்வொன்றாக இறக்கியபோது, முதல் பெட்டி என் அறையில்தான் என்று சொல்லிவிட்டேன்.

வயிரவன் என் கடைசி மகள் உண்ணாமலைக்குப் பார்த்திருந்த மாப்பிள்ளை. சொந்த ஊர் தேவகோட்டை. கோயம்புத்தூரில் இந்தப் பெட்டிகளைச் செய்கிற கம்பெனியில் பெரிய வேலையில் இருக்கிறார். பேசி முடிப்பதற்கு முன்னால் மாப்பிள்ளை பெண் வீட்டுக்கு வரக்கூடாது. வந்தாலும் முகப்பில் உட்கார்ந்து ஒரு காப்பி குடித்துவிட்டுப் போக வேண்டும். இவர் வந்த அரைமணி நேரத்தில் முகப்பைத் தாண்டி நடுமுற்றமான எங்கள் வளவில் ஏணி போட்டு ஏறி, உத்தரத்தில் ஆணி அடித்துக்கொண்டிருந்தார். தெருவில் போகிற யாராவது பார்த்துவிடப் போகிறார்களே என்று நான் வாசல் கதவைச் சாத்தினேன்.

பெட்டிகள் தேவைப்பட்டதற்குக் காரணம் இருந்தது. எங்கள் வீட்டு முகப்பு ஒரு வீதியில் இருக்கும், பின்வாசல் அடுத்த வீதியில் இருக்கும். சுவர்கள் ஒவ்வொன்றும் ஆள் படுக்கிற அகலம். முகப்பில் கைபேசியில் நாலு கோடு தெரியும். வளவுக்குள் வந்தால் ஒன்று. பின்னால் இரண்டாம் கட்டுக்குப் போனால் கைபேசி வெறும் கண்ணாடி. கோலாலம்பூரில் இருக்கும் என் அக்கா சொர்ணம் ஆச்சியோ இடுப்பெலும்பு முறிந்து படுக்கையில் இருந்தார். பேசி முடிக்கிற அன்று முதல் நிமிஷத்திலிருந்து கடைசி நிமிஷம் வரை பார்க்க வேண்டும், பேசவும் வேண்டும் என்று கட்டளை. சம்பந்தி வீட்டார் முன்னால் ஆச்சி வாயைத் திறந்தபடி திரையில் உறைந்து நின்றால் குடும்பத்துக்கு என்ன மரியாதை?

"மாமா, ஒரு பெட்டி பக்கத்துப் பெட்டியோட கை கோத்துக்கணும். கிட்ட எது இருக்கோ அதோட," என்றார் வயிரவன் ஏணி மேலிருந்து.

"கிட்ட எது, தூர எதுன்னு இந்த வீட்டுல பாக்கிறதில்ல. எனக்கு அடுத்து பெரியவன் அறை. அப்புறம் நடுவுலவன். அப்புறம் சின்னவன். அந்த வரிசையில கை கோக்கட்டும்."

"மூணு பேருமே சிங்கப்பூர்ல இருக்காகளே மாமா. அறையெல்லாம் பூட்டிக் கிடக்கு."

"பூட்டுக்குள்ள வைங்க."

வைத்தார். எங்கள் வீட்டில் கல்யாணமான ஒவ்வொரு மகனுக்கும் ஓர் அறை உரிமை. அவன் இருந்தாலும் இல்லாவிட்டாலும் அறை அவனுடையது. அப்படியிருக்கப் பெட்டி மட்டும் முறை மாறலாமா? பெட்டிகள் முறைப்படி கை கோத்தன. என் அறைக்கு அடுத்தது அடுப்படி. ஆனால் அலை என் அறையிலிருந்து கிளம்பி, கடைசிக் கோடியில் இருக்கிற பெரியவன் அறைக்குப் போய், மற்ற மகன்கள் அறைகளையும் சுற்றிவிட்டுத்தான் அடுப்படிக்கு வந்தது.

"ஒரு சுவர் தள்ளி வர்றதுக்கு இது ராமேசுவரம் போய்த் தலை முழுகிட்டு வருது," என்றாள் என் மனைவி உமையாள், பாதியில் நின்றுபோன சமையல் படத்தைப் பார்த்தபடி. பிறகு மேலே பார்த்தாள். "ஏன் மாப்பிள்ளை, நான் போற பக்கமெல்லாம் இது பச்சையா முழிக்குதே. என்னங்கிறேன்?"

"உங்களுக்கு வழிவிடுது அத்தை. அலை உடம்புல பட்டுத் திரும்பி வரும். நடக்கிறியளா, உக்காந்திருக்கியளா, எப்படி மூச்சு விடுறிய, எல்லாம் அதுக்குத் தெரியும். எங்க இருக்கியளோ அங்க கூடுதலா அனுப்பும்."

"குளிக்கிறதும் தெரியுமா?"

"உருவம் தெரியாது அத்தை. மூச்சும் அசைவும்தான்."

"மூச்சே தெரிஞ்சுபோச்சுன்னா அப்புறம் மறைக்கிறதுக்கு என்ன இருக்கு?" என்றாள். அவள் அதைச் சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். நானும் சிரித்தேன்.

வயிரவனுக்குத் தன் பெட்டியைப் பற்றிப் பேசக் கிடைத்தால் சோறு வேண்டாம். "பழகப் பழக அதுவே கத்துக்கும் மாமா. ரெண்டு பேர் பக்கத்துப் பக்கத்துல இதமா உக்காந்திருந்தா கொஞ்ச நேரத்துல மூச்சு ஒத்துப்போகும். அப்படிப்பட்டவுக எதையும் ஒரே நேரத்துலதான் தேடுவாக. அதனால அந்த ரெண்டு இடத்துக்கும் நடுவுல பெட்டிகளே அகலமா வழி போட்டுக்கும். கத்துக்க விடவா, இல்ல நீங்க சொன்ன வரிசையிலயே நிறுத்தவா?"

"கத்துக்கட்டும்," என்றேன். எங்கள் வீட்டில் இருந்து நல்ல பழக்கங்களைக் கற்றுக்கொள்வதில் பெட்டிக்கு என்ன நஷ்டம் என்று நினைத்தேன்.

இந்த இடத்தில் என் தம்பி சேவுகனைப் பற்றிச் சொல்ல வேண்டும். வீட்டின் மேற்குப் பாதி அவனுடையது. நடுவில் ஒரு சுவர் இருக்கிறது. நான் கட்டியது. பல வருஷங்களுக்கு முன் ஒரு விருந்தில், எங்கள் கொள்ளுப்பாட்டனார் பர்மாவுக்குக் கப்பலில் முதல் வகுப்பில் போனவர் என்று விருந்தாளிகளிடம் சொல்லிக்கொண்டிருந்தேன். சேவுகன் எதிர் வரிசையில் பாயசம் குடித்துக்கொண்டிருந்தவன், "முதல் வகுப்பா? மேல்தளத்துல கோழிக்கூண்டுகளோட போனாகன்னுல்ல அப்பச்சி சொல்லுவாக," என்றான். பந்தி முழுக்கச் சிரித்தது. மறுநாள் கொத்தனாரை வரச்சொன்னேன். அவன் பங்குக்குப் பக்கத்துச் சந்தில் தனி வாசல் திறந்துகொண்டான். அன்றோடு பேச்சு முடிந்தது. உண்ணாமலையும் உமையாளும் பின்வாசல் வழியாகப் போய் வருவார்கள். பெண்கள் போய் வருவது குடும்ப மரியாதையில் சேராது என்பதால் நான் கண்டுகொள்வதில்லை.

நாங்கள் பெட்டி வைத்த சேதி அந்தப் பக்கம் போனது. மறுவாரமே சேவுகன் அதே மாதிரிப் பெட்டிகள், எங்களைவிட இரண்டு கூடுதலாக, வாங்கி வைத்தான். நான் மூன்று கூட்டினேன். அவன் மாட்டுக்கொட்டகைக்கும் ஒன்று வைத்தான். மாடு விற்று வெகுநாள் ஆகிறது. என் வைஃபைக்கு 'முதல் வகுப்பு' என்று பெயர் வைத்தேன். மாலையில் கைபேசியைத் திறந்தால் அதற்குக் கீழேயே 'கோழிக்கூண்டு' என்று இன்னொரு பெயர் தெரிந்தது. நான் 'முதல் வகுப்பு சாட்சியுடன்' என்று மாற்றினேன். ஒரு மணி நேரத்தில் 'சாட்சி கோழி' என்று வந்தது.

"அப்பச்சி, தெருவுல போற வர்றவுக போனெல்லாம் இதைக் காட்டுது," என்றாள் உண்ணாமலை. "தபால்காரரு நின்னு வாசிச்சுட்டுப் போறாரு."

"வாசிக்கட்டும். உண்மை எதுன்னு அவருக்கும் தெரியட்டும்."

விளைவு, இரண்டு பக்கமும் எதுவும் வேலை செய்யவில்லை. ஒத்திகை பார்த்த அன்று சொர்ணம் ஆச்சி, "என்னடா திண்ணா, மெலிஞ்சு…" என்ற இடத்தில் நின்றுவிட்டார்; அடுத்த சொல் வருவதற்குள் நான் முகச்சவரம் செய்துகொண்டு வந்துவிட்டேன். வயிரவனைத் தொலைபேசியில் பிடித்தோம்.

"ஒரே காத்துல ஆளாளுக்குக் கத்தினா யாருக்குக் கேக்கும் மாமா? அதிகம் வச்சா அதிகம் வரும்னு இல்ல. ரெண்டு பக்கமும் சேந்து ஒரே வலையா இருக்கணும், ஒரே பேர்ல."

"இருக்காது," என்றேன்.

"அப்ப ஆச்சி தெரியமாட்டாக."

"தெரிய வேண்டாம்," என்று வைத்துவிட்டேன். ஆனால் அன்றிலிருந்து எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. ஏனென்றால் சம்பந்தி கதிரேசன் ஒரு வார்த்தை சொல்லியனுப்பியிருந்தார். பேசி முடிக்கிறபோது அண்ணன் தம்பி இருவரும் ஜமக்காளத்தில் சேர்ந்து உட்கார வேண்டும். பங்காளிகள் முகம் பார்க்காத வீட்டில் அவர்கள் சம்பந்தம் செய்வதில்லை. அது அவர்கள் குடும்பத்து வழக்கம். வழக்கத்தை நான் எப்படிக் குறை சொல்வது? தம்பி வருவான் என்று சொல்லியனுப்பினேன். அன்றைக்கு அவனுக்குக் காய்ச்சல் வரும் என்று எனக்குள் முடிவு செய்துகொண்டேன்.

அதன் பிறகு ஒரு அதிசயம். வைஃபை தானாகச் சரியாகிவிட்டது. கைபேசியில் இரண்டு பெயர்களும் போய், 'வீடு' என்று ஒன்றுதான் தெரிந்தது. என்னுடைய பெட்டிகள் கடைசியில் ஜெயித்துவிட்டன என்று நினைத்து, ஒரு வாரம் மீசையை முறுக்கிக்கொண்டு திரிந்தேன். உமையாள் எதுவும் சொல்லவில்லை. அவள் எதுவும் சொல்லாமல் இருப்பது வழக்கமில்லை என்று எனக்குத் தோன்றியிருக்க வேண்டும்.

பேசி முடிக்கிற நாள் வந்தது. வளவில் ஜமக்காளம் விரித்து, தூணுக்குப் பக்கத்தில் பெரிய டிவியை வைத்தோம். அதில் சொர்ணம் ஆச்சி, வைரத்தோடு போட்டு, தலையணை சாய்த்து, எதிரே உட்கார்ந்திருப்பதுபோலத் தெரிந்தார். கதிரேசன் நெட்டையான மனிதர், அதிகம் சிரிக்காதவர். மனைவியோடும் இரண்டு பெரியவர்களோடும் வந்திருந்தார். வயிரவன் முழுக்கைச் சட்டையில் ஏணியே பார்த்திராதவர்போல உட்கார்ந்திருந்தார்.

தட்டை வைத்தவுடன் கதிரேசன் சுற்றிப் பார்த்தார். "தம்பி எங்க அண்ணே?"

"காய்ச்சல். படுத்திருக்கான்."

"யாரு, சேவுகனா?" என்றது டிவி. "காய்ச்சலா? காலையில எங்கூட ஒரு மணி நேரம் பேசினானே. இரும்பாட்டம் இருந்தானே."

அந்த ஒரு நிமிஷம் வைஃபை போய்விடாதா என்று நான் வேண்டாத தெய்வமில்லை. வயிரவனின் பெட்டிகள் அன்றுதான் ஆச்சியின் மூக்குத்தி ஒளிகூடச் சிந்தாமல் கொண்டுவந்தன.

கதிரேசன் மெல்லத் துண்டை எடுத்துத் தோளில் போட்டார். "ஊர்ல சொன்னாக அண்ணே. நான் நம்பல. வாசல்ல வரும்போது அந்தச் சுவரைப் பாத்தேன். அப்பவும் நீங்க ஏதாவது சொல்லுவியன்னு இருந்தேன்." குரலை உயர்த்தவே இல்லை. "கூடப் பிறந்தவனோட பேசாதவுக நாளைக்கு எங்களோட எப்படிப் பேசுவிய? பொண்ணு தங்கம். அதுல ஒண்ணுமில்ல. ஆனா எங்க வழக்கம் இருக்கு."

உண்ணாமலை உள்நடை வாசலில் நின்றுகொண்டிருந்தாள். கையிலிருந்த காப்பித் தட்டு லேசாகக் கலகலத்தது. இந்த மூன்று மாதமாக அவள் வீட்டுக்குள் நடக்கிறபோதே பாடிக்கொண்டு நடந்தது எனக்குத் தெரியும்.

"அப்பச்சி, ஒரு நிமிஷம்," என்றார் வயிரவன். தன் தகப்பனாரைத்தான் சொன்னார். "எழுந்திரிக்கிறதுக்கு முன்னால இதை மட்டும் பாருங்க." கைபேசியை எடுத்து ஏதோ தட்டினார். டிவியில் ஆச்சி ஒரு மூலைக்குச் சுருங்க, எங்கள் வீடு மேலிருந்து பார்த்த மாதிரி விரிந்தது. அறைகள் கட்டம் கட்டமாக இருந்தன. பெட்டிகள் வெள்ளைப் புள்ளிகள். நாங்கள் மஞ்சள் பொட்டுகள். பெட்டிகளுக்கு நடுவே நூல்போலக் கோடுகள் ஓடின.

"மாமா முதல்ல மூத்தவர் வரிசைப்படிதான் போடச் சொன்னாக. அப்புறம் பெட்டிகளே கத்துக்கிட்டு மாத்திக்கிச்சு. எந்த ரெண்டு பேருக்கு ஒட்டுதல் சாஸ்தியோ அங்க கோடு தடிமனா இருக்கும். இந்த வீட்டுலயே தடிமனான கோடு எதுன்னு பாருங்க."

பார்த்தோம். உமையாள் அறைக்கும் என் அறைக்கும் நடுவில் ஒரு கோடு இருந்தது, பரவாயில்லை. உண்ணாமலைக்கும் அடுப்படிக்கும் ஒன்று. என் அறையிலிருந்து கயிறுபோல, மற்றதெல்லாம் நூலென்று சொல்லும்படி, ஒரு கோடு கிளம்பிச் சுவரைத் துளைத்து மேற்கே போனது.

"அது யாரு பெட்டி?" என்றார் கதிரேசன்.

"சின்னமாமா அறைப் பெட்டி."

"அந்தப் பக்கத்துப் பெட்டி எப்படி இதுல வந்துச்சு?" என்றேன் நான்.

"நாந்தான் சேத்துவிடச் சொன்னேன்," என்றாள் உமையாள். "அந்த வீட்டுக் கடவுச்சொல்ல உண்ணா வாங்கியாந்தா. இப்ப அதுக்கு என்னங்கிறேன்?"

வயிரவன் நிறுத்தவில்லை. "தினம் சாயங்காலம் இந்தச் சுவருக்கு இந்தப் பக்கம் ஒருத்தர் வந்து உக்காருறாக. அந்தப் பக்கமும் ஒருத்தர். நடுவுல ஒரு முழம்கூட இல்ல. கால் மணி நேரத்துல ரெண்டு மூச்சும் ஒண்ணாயிடுது. ஒருத்தர் சிரிச்சா மத்தவர் அடுத்தாப்ல சிரிக்கிறாக. புருஷன் பொஞ்சாதிகிட்டகூட எங்க பெட்டி இவ்வளவு ஒத்து வந்து பாத்ததில்ல அப்பச்சி. அந்தச் சுவர் வேற ஒத்தைச் செங்கல். வீட்டுலயே மெலிசான சுவர் அதுதான்."

ஆத்திரத்தில் கட்டியது. ஆத்திரத்தில் யார் கனமாகக் கட்டுவார்கள்?

அங்கே ஒரு நாற்காலி போட்டிருக்கிறேன், உண்மைதான். அங்கே காற்று வரும். சேவுகன் அந்த நேரத்தில் பத்திரிகையை உரக்க வாசிப்பான். கண்ணீர் அஞ்சலி விளம்பரங்களை ஒவ்வொன்றாக வாசித்து, போட்டோவுக்கும் வயதுக்கும் பொருத்தம் பார்ப்பான். "எண்பத்திரண்டுன்னு போட்டிருக்கு, படத்துல கல்யாண மாலையோட இருக்காரு," என்பான். சத்தமில்லாமல் சிரிக்க நான் பழகியிருந்தேன். சத்தம் இல்லாததையும் எண்ணுகிற ஒரு பெட்டியை என் காசிலேயே உத்தரத்தில் மாட்டி வைத்திருக்கிறேன். கடைசியில் ராசிபலன் வாசிப்பான். ஒரே ஒரு ராசி, விருச்சிகம். அவன் மேஷம். விருச்சிகம் நான். என் ராசியை என்னைக் கேட்காமல் வாசிக்கிறானே என்று அத்தனை வருஷமும் கோபமாகத்தான் கேட்டுக்கொண்டிருந்தேன்.

ஒரு மனிதன் தன் கோபத்தை வைத்துக்கொள்ளச் சொந்த வீட்டில் ஒரு மூலை வேண்டாமா? சுவர் கட்டினேன், கதவு அடைத்தேன், பேச்சை நிறுத்தினேன். மூச்சை நிறுத்த வேண்டும் என்று யாருக்குத் தெரியும்?

கதிரேசன் டிவியைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். "பெட்டி சொல்றதை விடுங்க. நீங்க சொல்லுங்க அண்ணே. இது நெசமா?"

பொய் என்று சொல்லியிருக்கலாம். நான் பொய் என்று சொன்னால் பெட்டியை யார் நம்புவார்கள்? என் சுவர் நிற்கும், என் வார்த்தையும் நிற்கும், சம்பந்தி எழுந்து போவார். நெசம் என்று சொன்னால், இத்தனை வருஷமாக ஊருக்கு நான் காட்டிய முதுகு பொய்யாகிவிடும். உண்ணாமலையைப் பார்க்கக் கூடாது என்று இருந்தேன். தட்டின் சத்தம் நின்றுபோயிருந்தது. அதனால் பார்த்தேன்.

"நெசம்," என்றேன்.

"அப்ப ஏன் இங்க இல்ல?"

"நான் கூப்பிடல."

"கூப்பிடேன்டா, மூலையிலேருந்து எத்தன நேரம் பாத்துக்கிட்டிருக்கிறது?" என்றது டிவியின் மூலை.

எழுந்துபோய் அழைக்கிற வழக்கம் மூத்தவனுக்கு இல்லை. உட்கார்ந்த இடத்திலிருந்தே, சுவரைப் பார்த்து, சாதாரணக் குரலில், "சேவுகா," என்றேன். அந்தப் பெயர் வாயில் புதிதாக இருந்தது.

டிவியில் மேற்குப் பாதியில் ஒரு மஞ்சள் பொட்டு இருந்தது. சுவரோடு சுவராக ஒட்டிக்கொண்டு, அவ்வளவு நேரமும் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு இருந்திருக்கிறது. அது எழுந்தது. அறைக்குள் இப்படியும் அப்படியும் இரண்டு தரம் அலைந்தது. சந்து வாசலுக்குப் போனது. அணைந்தது.

"எங்க போனான்?" என்றார் ஆச்சி.

"சந்துல பெட்டி இல்ல பெரியாச்சி. வெளிய போயிட்டா தெரியாது," என்றார் வயிரவன்.

"வர்றானா, ஊரைவிட்டுப் போறானா?"

 சந்து நீளமானது, ஒரு முனை எங்கள் வாசலுக்கு, மறுமுனை பேருந்து நிலையத்துக்கு. கதிரேசன் மடியில் துண்டை மடித்து வைத்துக்கொண்டு டிவியையே பார்த்தார். இவ்வளவு பேர் மூச்சுவிடாமல் ஒரு படத்தைப் பார்த்தது எங்கள் வளவில் அதுதான் முதல் தடவை. படத்தில் முகப்பு இருட்டாக இருந்தது. பிறகு அங்கே ஒரு பொட்டு, ஈரமான திரி பற்றுவதுபோல, தயங்கித் தயங்கி மினுங்கி நின்றது.

சேவுகன் வீட்டுச் சட்டையோடு, கண்ணாடியை நெற்றியில் ஏற்றியபடி, கையில் அன்றைய பத்திரிகையோடு வளவு வாசலில் நின்றான். தலை முழுக்க நரைத்திருந்தான். குரலை மட்டுமே கேட்டுக்கொண்டிருந்ததில் நான் அவனுக்கு வயதே கூட்டியிருக்கவில்லை.

"அண்ணே," என்றான். "சட்டை மாத்திட்டு வரவா?"

"வந்தாச்சுல்ல. உக்காரு."

உட்கார்ந்தான். எனக்கு இடப்பக்கம், அவன் உட்கார வேண்டிய இடத்தில். கதிரேசன் பெருமூச்சு விட்டு, மடியிலிருந்த துண்டை எடுத்து ஜமக்காளத்தில் வைத்தார். "தட்டை மாத்திக்கலாம் அண்ணே," என்றார். உமையாள் உள்ளே போனாள். மூக்குச் சிந்தும் சத்தம் கேட்டது. உண்ணாமலை ஓட்டமும் நடையுமாகக் காப்பி கொண்டுவந்து, மாமனாருக்குச் சர்க்கரையில்லாத காப்பியையும் எனக்கு வேறு யாருக்கோ போட்டதையும் கொடுத்தாள்.

"ஏன் சித்தப்பா, காய்ச்சல் எப்படி இருக்கு?" என்று கேட்டுவிட்டுப் போனாள்.

"எனக்கு எப்ப வந்துச்சு?" என்றான் சேவுகன். என் காதருகில் குனிந்து, மெதுவாக, "இன்னிக்கு உனக்கு எதிர்பாராத உறவினர் வருகைன்னு போட்டிருக்கு," என்றான். எனக்குச் சிரிப்பு வந்தது. இந்தத் தடவை சத்தத்தோடு வந்துவிட்டது. அந்த விருந்துப் பந்திபோல எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள்.

வயிரவன் டிவியைப் பார்த்து நெற்றியைச் சுருக்கினார். என் பக்கத்தில் வந்து மண்டியிட்டு, வேலையில் குறை கண்டுபிடித்துவிட்ட மனிதரின் சங்கடத்தோடு சொன்னார்:

"மாமா, நீங்களும் சின்னமாமாவும் இவ்வளவு நெருக்கி உக்காந்தா பெட்டிக்குப் பிரிச்சுச் சொல்லத் தெரியல. ரெண்டு பேரையும் ஒரே ஆளா எண்ணுது பாருங்க, ஒரே பொட்டுதான் இருக்கு. சின்னத் திருத்தம்தான். இப்பவே பண்ணிருவேன்."

சாப்பிடாத மாப்பிள்ளையிடம் வேலை வாங்குவது எங்கள் குடும்பத்தில் வழக்கமில்லை. முதலில் இலையைப் போடச் சொன்னேன்.